பர்ச்மவுண்ட் ரோடும் ஒரு கறுப்புத் தட்டும்

ஃபிஞ்ச் ஸ்டேஷன்ல 39ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சா மில்லிக்கன் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். பனி கொட்டுற அன்னைக்கு அதுக்கு மேலயே ஆகும். ஒவ்வொரு ஸ்டாப் பேரையும் பஸ்ஸு தானாவே சொல்லிட்டு வரும். பேவியூ, லெஸ்லி, டான் மில்ஸ், விக்டோரியா பார்க், வார்டன், பர்ச்மவுண்ட், கென்னடி... முதல் செமஸ்டர் முழுக்க இது எனக்குத் தாலாட்டு. பர்ச்மவுண்ட்னு காதுல விழுந்தா 'எந்திரிடா, இன்னும் நாலு சிக்னல்தான்'னு அர்த்தம். வேற ஒண்ணும் கிடையாது.

போன வருஷம் என் லேப்ல கூட வேலை பாக்குற நண்பன் ஒருத்தன் (அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவங்க, இவன் பொறந்தது வளர்ந்தது எல்லாம் ஸ்கார்பரோ) ஒரு எல்பி ரெக்கார்டைக் கையில குடுத்து, 'இதை உங்க ஊர்க்காரன்னு நினைச்சுக் கேளு'ன்னான். வெய்ன் மக்கீ அண்ட் தி சவுண்ட்ஸ் ஆஃப் ஜாய். 1970ல வந்த சோல் ஆல்பம், ஆனா 2004ல மறுபடி அச்சடிச்ச பிரதி. திருப்பிப் பாத்தேன். முதல்ல வெளியிட்ட லேபிள் பேரு: பர்ச்மவுண்ட்.

நம்ம பஸ் ஸ்டாப்!

விசாரிச்சா அதேதான். குவாலிட்டி ரெக்கார்ட்ஸ்னு கனடாவுல ஒரு பெரிய கம்பெனி இருந்துச்சு, அவங்க இடம் ஸ்கார்பரோவுல பர்ச்மவுண்ட் ரோட்டுல. மலிவு விலை ரெக்கார்டுகளுக்குன்னு ஒரு துணை லேபிள் ஆரம்பிச்சு, அதுக்கு ரோட்டுப் பேரையே வச்சுட்டாங்க. நம்ம ஊர்ல 'மவுண்ட் ரோடு ரெக்கார்ட்ஸ்'னு வச்ச மாதிரி. ரெண்டு வருஷமா தூங்கி வழிஞ்சுக்கிட்டே ஒரு சோல் லேபிளைக் கடந்து போயிருக்கேன்.

சோல்னா என்னன்னு தெரியாத மக்களுக்கு ஒரு வரி: சர்ச்சுல சாமி கும்பிட்டுப் பாடுற கறுப்பின மக்களோட பாட்டு முறை, சர்ச்சை விட்டு வெளியே வந்து காதலையும் பிரிவையும் பாட ஆரம்பிச்சா அது சோல். இசை இலக்கணம் தெரிஞ்சவங்க அடிக்க வராதீங்க, எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான் :-)

வெய்ன் மக்கீ ஜமைக்காவுல மான்டிகோ பேக்காரர். கனடா ரொம்ப காலமா வெள்ளைத்தோல்காரங்களுக்குத்தான் கதவு திறந்து வச்சிருந்துச்சு. 1962ல அந்த விதியைத் தளர்த்தி, 1967ல பாயிண்ட்ஸ் முறை கொண்டு வந்த பிறகுதான் கரீபியன் ஜனங்க நிறைய வர ஆரம்பிச்சாங்க. அந்த அலையில நிறைய பாட்டுக்காரங்களும் இருந்தாங்க. ஊர்ல ஸ்கா, ராக்ஸ்டெடின்னு பாடினவங்க, இங்க வந்ததும் கிளப்காரங்க எதைக் கேட்டாங்களோ அதைப் பாடினாங்க. யங் ஸ்ட்ரீட் கிளப்ல அமெரிக்க சோல் கேட்டா அது, கரீபியன் கிளப்ல ரெக்கே கேட்டா அது. மக்கீயும் அப்படித்தான். சொந்தமா பாட்டெழுதி 1970ல ஆல்பம் போட்டார். சோலும் ஃபங்க்கும் ஜமைக்கா வாடையும் கலந்த ஆல்பம்.

ஒண்ணும் விக்கல. விக்காம கிடந்த பிரதிகள் கிடங்குல தீப்பிடிச்சதுல போச்சுன்னு ஒரு கதை சொல்றாங்க. மக்கீயும் மெல்ல மெல்ல இசையை விட்டுப் போயிட்டார். மனநோய். எங்க இருக்கார்னு கூடப் பாடினவங்களுக்கே தெரியாத நிலைமை.

இதுக்கப்புறம்தான் விஷயமே. 90கள்ல ஹிப்ஹாப் ஆளுங்களும் டிஜேக்களும் பழைய ரெக்கார்டுகள்ல நல்ல டிரம்ஸ் துண்டு கிடைக்குமான்னு தேடித் திரிஞ்சாங்க. அதுல இந்த ஆல்பம் மாட்டுச்சு. 'டர்ட்டி ஃபங்க்'னு ஒரு பாட்டு, அதோட தாளத்துக்காகவே விலை ஏறுச்சு. ஒரு காலத்துல சீந்த ஆளில்லாத தட்டு, பல நூறு டாலருக்குக் கைமாற ஆரம்பிச்சுது. அதுல ஒரு சல்லிக்காசு பாடினவருக்குப் போகாது. போகவும் வழியில்லை. பழைய பொருளை ஒருத்தன் இன்னொருத்தனுக்கு விக்கிறான், அவ்வளவுதான். பாடினவர் அதே ஊர்ல ஏதோ ஒரு வீட்டுல உட்கார்ந்திருக்கார், அவர் பாட்டு ஏலத்துல ஓடுது. எனக்கு இதை ஜீரணிக்க ரெண்டு நாள் ஆச்சு.

கெவின் ஹவ்ஸ்னு வான்கூவர்க்காரர் ஒருத்தர், சிப்ரியானோங்கிற பேர்ல டிஜே. அவர் இந்த ஆல்பத்து மேல பைத்தியமாகி, பாடினவரைத் தேடிக் கிளம்பினார். டொராண்டோவுல மக்கீ தன்னோட அக்கா தங்கச்சி யாரோ ஒருத்தர் வீட்டுல, அவங்க பராமரிப்புல இருந்தது தெரிய வந்துச்சு. சியாட்டில்ல இருக்குற லைட் இன் தி ஆட்டிக் கம்பெனி 2004ல ஆல்பத்தை முறையா மறுபடி வெளியிட்டுச்சு. 2006ல 'ஜமைக்கா டு டொராண்டோ'ன்னு இன்னொரு தொகுப்பு, 1967லேர்ந்து 1974 வரைக்கும் இங்க பதிவான சோல், ஃபங்க், ரெக்கே பாட்டுகள். ஜாக்கி மிட்டூ மாதிரி ஜமைக்காவுலயே பெரிய பேரா இருந்தவரும் அதுல உண்டு. ஜே டக்ளஸ் மாதிரி ஆளுங்க மேல திரும்ப வெளிச்சம் விழுந்துச்சு. மக்கீ 2017ல காலமானார். சாகறதுக்கு முன்னாடி தன் பேர் போட்ட தட்டு கடையில இருக்கிறதைப் பாத்துட்டாருன்னு நினைச்சுக்கறேன். அந்த அளவுக்காவது.

இதுக்கு நேர் எதிர்க் கதையும் ஒண்ணு இருக்கு. இங்கிலாந்து வடக்குப் பக்கம், ஆலைத் தொழிலாளி வீட்டுப் பசங்க 70கள்ல அமெரிக்காவுல ஓடாத சோல் பாட்டாத் தேடித் தேடி ராத்திரி பூரா ஆடினாங்க. அதுக்குப் பேரு நார்தர்ன் சோல். விகன் கேசினோன்னு ஒரு மண்டபம், 1973லேர்ந்து 1981 வரைக்கும் அதான் அவங்களுக்குக் கோயில். அங்க டிஜேக்களுக்குள்ள பயங்கரப் போட்டி. நல்ல ரெக்கார்டு ஒண்ணு கிடைச்சா பக்கத்து டிஜே கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு லேபிள் மேல பேப்பர் ஒட்டி, பொய்ப் பேர் வச்சிடுவாங்க. 1965ல மோடவுன் கம்பெனி ஃபிராங்க் வில்சன்கிறவர் பாட்டு ஒண்ணை அச்சடிச்சுட்டு, வெளியிடாமலே விட்டுடுச்சு. அவர் பாடறதை விட்டுட்டுத் தயாரிப்பாளராவே இருந்துட்டார். தப்பிப் பிழைச்ச பிரதி விரல் விட்டு எண்ணக் கூடியது. விகன்ல அந்தப் பாட்டு 'எடி ஃபாஸ்டர்' பாடினதா ஓடுச்சு. அவர் பாடினதே கிடையாது! 2009ல ஒரு பிரதி இருபத்தஞ்சாயிரம் பவுண்டுக்கு மேல போச்சு, 2020ல ஒரு லட்சம் பவுண்டுன்னு செய்தி வந்துச்சு.

தேடிக் கண்டுபிடிச்சவன் அந்த பசங்கதான், அதை நான் குறை சொல்லல. அவங்க இல்லேன்னா பாட்டே இல்லை. ஆனா பாடினவன் பேரை மறைச்சுட்டு பாட்டை மட்டும் கொண்டாடறது இருக்கே, அது எனக்கு ஒட்டவே இல்லை. கெவின் ஹவ்ஸ் செஞ்சதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. பாட்டு கிடைச்சாச்சு, ஆளைத் தேடுவோம்னு போனார் பாருங்க.

ரொம்ப ஆங்கிலமா ஓடுது, நம்ம வீட்டுப் பக்கம் வரேன்.

எங்க மாமா தேனி பக்கம் மைக் செட் கடை வச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடறது. கேசட் வந்ததும் ரெக்கார்டெல்லாம் பரண்ல ஏறுச்சு, அப்புறம் ஒருநாள் பழைய பேப்பர்க்காரர்கிட்ட எடைக்குப் போச்சு. எவ்வளவுக்குன்னு மாமாகிட்டக் கேட்டா, 'எவர்சில்வர் குண்டான் ஒண்ணு குடுத்தான்'னு அத்தைதான் பதில் சொன்னாங்க. இங்க குவீன் வெஸ்ட் பக்கம் ஒரு ரெக்கார்டு கடையில 'சொல்ல சொல்ல'ன்னு ஒரு இரட்டைத் தட்டு பாத்தேன். இங்கிலாந்துல ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்னு ஒரு கம்பெனி போட்டது, 1977லேர்ந்து 83 வரைக்கும் இளையராஜா போட்ட பாட்டுகள். விலையைப் பாத்துட்டு அந்தக் குண்டானை நினைச்சுக்கிட்டேன். வாங்கல. மாச வாடகை கண்ணு முன்னாடி நின்னுச்சு.

ஆனா நண்பன் குடுத்த மக்கீ ஆல்பத்தைப் போட எனக்கு ஒரு பிளேயர் வேணுமே. பழைய சாமான் கடையில முப்பது டாலருக்கு ஒண்ணு கிடைச்சுது. பெல்ட் தளர்ந்து போனது, மாத்தினேன். ஊசி புதுசா வாங்கினது பிளேயர் விலையை விட அதிகம். (ஊசி விலை தெரியாம யாரும் இந்தப் பழக்கத்துல இறங்காதீங்க, சொல்லிட்டேன்.) நான் இருக்கிறது பேஸ்மெண்ட். மேல வீட்டுக்கார அங்கிள், யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டினவர். சத்தம் போட்டா ஹீட்டர் குழாய் வழியா மேல கேக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மக்கீயைப் போட்டு ரெண்டு பாட்டு முடியல, படியில காலடிச் சத்தம். போச்சுடா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறார்னு நினைச்சேன்.

"என்ன தம்பி, உது ரெக்கோட் பிளேயரோ?"

"ஆமா அங்கிள், சவுண்டைக் குறைச்சுடறேன்."

"குறைக்க வேண்டாம். இரும், வாறன்."

மேல போய்ப் பத்து நிமிஷம் கழிச்சு வந்தார். கையில ஒரு பழைய காலண்டர் தாளைச் சுத்தி, நூல் கட்டின ஒரு சின்னத் தட்டு. நாப்பத்தஞ்சு வேகத்துல சுத்துற தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. லேபிள் மங்கி, ஓரத்துல ஒரு சின்ன வெடிப்பு. எழுபதுகள்ல கொழும்புல பதிஞ்ச தமிழ் பொப் பாட்டாம்.

நம்ம தமிழ்நாட்டு மக்களுக்கு இதுல ரெண்டு பேரைத் தெரிஞ்சிருக்கும். 'சுராங்கனி' ஏ.ஈ. மனோகரன், 'சின்ன மாமியே' நித்தி கனகரத்தினம். கித்தார், பொங்கோஸ், பைலாத் தாளம், ஊர்ப் பேச்சு. துள்ளிசைன்னும் பேரு. சினிமா இல்லாம தமிழ்ல ஒரு தனிப் பாட்டு வகை, மெட்ராஸ் கோடம்பாக்கத்தைக் கேக்காம ஜனங்க மத்தியில ஓடியிருக்கு. நாமதான் சினிமாவை விட்டா பாட்டே இல்லைன்னு உட்கார்ந்திருக்கோம். அந்த ரெண்டு பெரிய பேருக்குப் பின்னாடி ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குழுக்கள். அங்கிள் அப்படி ஒரு குழுவுல இருந்திருக்கார். ஆறு மாசமா இவர்கிட்ட வாடகை குடுத்துட்டு இருக்கேன், எனக்குத் தெரியாது!

"நான் தான் பொங்கோஸ் அடிச்சனான்"னார்.

தட்டை டிஸ்டில்ட் தண்ணி தொட்டு மெல்லத் துடைச்சேன். அன்ரியும் கீழ இறங்கி வந்து படியிலயே உட்கார்ந்துட்டாங்க. கை நடுங்குச்சு, அந்த வெடிப்புல ஊசி மாட்டினா போச்சு. ஓரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி ஊசியை வச்சேன். அதனால பாட்டோட முதல் ரெண்டு நொடி போச்சு. முதல்ல சரசரன்னு சத்தம், அப்புறம் கித்தார், அப்புறம் அவர் கை. அம்பது வருஷத்துக்கு முந்தின அவரோட கை. இப்ப இருக்கிற கை சோபா ஓரத்துல அதே தாளத்தைத் தட்டுது. ஒரு இடத்துல கொஞ்சம் முந்திட்டார், தட்டுல. "பாத்தீரோ, அதிலை பிழை விட்டிட்டன். திருப்பி எடுக்கக் காசில்லை எண்டு விட்டிட்டாங்கள்"னார். அம்பது வருஷம் கழிச்சும் அந்த இடம் ஞாபகம் இருக்கு மனுஷனுக்கு.

முடிஞ்சதும் லேபிளை லைட்டுல பிடிச்சுப் படிச்சேன். பாட்டுப் பேரு, பாடினவர் பேரு. வாசிச்சவங்க பேரு ஒண்ணும் இல்லை.

"உங்க பேரு இல்லையே அங்கிள்?"

"எங்கட பேர் ஆருக்குத் தம்பி வேணும். பாடினவன்ரை பேராவது கிடக்கே, அது காணும்."

எத்தனை பிரதி அச்சடிச்சாங்கன்னு அவருக்கு ஞாபகமில்லை. அவர் பங்குக்குக் கிடைச்சது ஒரு கட்டு. அது யாழ்ப்பாணத்துல அம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்திருக்கு. 1995 அக்டோபர் 30, ஊரே ஒரு ராத்திரியில கிளம்பிப் போன அன்னைக்கு, அம்மா எடுத்துக்கிட்டது நகையும் காணி உறுதியும் ஒரு பையில உடுப்பும். திரும்பப் போனப்ப கூரையே இல்லையாம், கட்டிலை எங்க தேடறது. இந்த ஒரு தட்டு மிஞ்சினது கொழும்புல இருந்த தங்கச்சிக்கு எப்பவோ கொண்டு போய்க் குடுத்திருந்ததால. அவங்க வீட்டுலயும் பிளேயர் இல்லை. 80கள்ல இவர் கனடாவுக்குக் கிளம்பினப்ப 'நீயே கொண்டு போ'ன்னு பெட்டியில வச்சிருக்காங்க. அன்னையிலேர்ந்து அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது ஓடவே இல்லை.

இங்க எனக்குள்ள இருக்கிற சேகரிப்பாளர் புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சுது, மறைக்க விரும்பல. உலகத்துல ஒரே ஒரு பிரதியா இருந்தா? இதை நெட்டுல போட்டா எத்தனை பேர் துடிப்பாங்க? 'நான் கண்டுபிடிச்சேன்'னு சொல்லிக்கலாமே? விகன் பசங்களைத் திட்டின வாய் இது. ரெண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், அது அவர் சம்மதத்தோட. ஒரு காப்பி அவருக்கு, ஒரு காப்பி அவர் பொண்ணுக்கு. வெளியே விடலாமான்னு கேட்டேன். மறுபதிப்புப் போடற கம்பெனிகள் இருக்காங்க, மாஸ்டர் டேப் இல்லேன்னாலும் நல்ல தட்டுலேர்ந்தே எடுத்துச் சுத்தம் பண்ணி அச்சடிப்பாங்க, உரிமைக்காரங்களுக்குக் காசும் வரும்னெல்லாம் விளக்கினேன். மக்கீ கதையையும் சொன்னேன். பர்ச்மவுண்ட்னதும் சிரிச்சார், வந்த புதுசுல அந்த ரோட்டுப் பக்கம்தான் ஒரு ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பாத்தாராம்.

அப்புறம் ஒரே கேள்வி கேட்டார்.

"பாடினவன்ரை குடும்பத்தைக் கேக்காமல் எப்பிடித் தம்பி விடுறது?"

பாடினவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. குடும்பம் பாரிஸ்லன்னு கேள்வி. கீபோர்ட் வாசிச்சவர் லண்டன்ல இருக்கலாம். கித்தார் வாசிச்சவர் திருகோணமலைப் பக்கம், பேரு கூட மறந்து போச்சு, 'கட்டையன்'னு கூப்பிட்டது மட்டும் ஞாபகம். இந்தப் பேரை வச்சுக்கிட்டு எந்தக் கம்பெனி ராயல்டி அனுப்பும்னு நான் கேட்டா அன்ரிக்குச் சிரிப்பு தாங்கல.

ஒண்ணு மட்டும் நடந்துச்சு. அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து அங்கிள் ஃபோனும் கையுமா இருக்கார். தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்க. முதல்ல காப்பியைப் போட்டு ஃபோன்ல கேக்க விடறார், அப்புறம்தான் விசாரிப்பு. அதிகாலை மூணு மணிக்கு மேல நடமாட்டம் கேக்கும், அப்ப ஐரோப்பாவுல விடிஞ்சிருக்கும்ல. எனக்குத் தூக்கம் போகுது, இருந்தாலும் சத்தத்தைக் குறைங்கன்னு சொல்ல மனசு வரல. சொன்னா நல்லாவும் இருக்காது, சத்தத்தை ஆரம்பிச்சு வச்சதே நான்தானே.

நேத்து ஒரு தமிழ்க்கடை ஃப்ளையர் பின்பக்கம் எழுதினதைக் கொண்டு வந்து காட்டினார். ஆட்டிறைச்சி விலைக்குப் பின்னாடி, கோணல் கோணலா அஞ்சு பேரு. பாடினவர், கீபோர்ட், பேஸ் கித்தார், கோரஸ் பாடின ஒரு பெண், கடைசியா இவர் பேரு, அதுக்கு எதிர்ல 'பொங்கோஸ்'. ஆறாவது வரியில 'கித்தார்'னு எழுதி, பக்கத்துல வெறும் கோடு. பாரிஸ்லேர்ந்து பாடினவரோட மகன் ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்னு சொல்லியிருக்காராம்.

எழுபதுகள்ல கொழும்புல பொப் பாட்டுக்குக் கித்தார் வாசிச்ச, திருகோணமலைப் பக்கத்து, குட்டையான ஆள் ஒருத்தரை உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது தெரிஞ்சிருந்தா ஒரு வரி எழுதுங்க. அங்கிள் கிட்ட சொல்லிடறேன்.